முகப்பு விளக்கைப் போட்டால் சூடேறும் மீட்டர்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சந்தைக்குக் காய்கறி இறக்கும் என் பிக்கப் வண்டியில், வண்டியோடு வந்த வெப்பமானியின் முள் நடுவில் போய் நின்றதென்றால், எஞ்சின் கொதிக்கும் நிலையை நெருங்கும் வரை அசையாது. மலையேறுகிறவனுக்கு அது போதாது என்பதால், 52 மில்லிமீட்டர் வட்ட முகமுள்ள தனி ஹீட் மீட்டர் ஒன்றைச் சென்சாருடன் சேர்த்து 1,850 ரூபாய்க்கு வாங்கி, விற்ற கடையிலேயே பொருத்திக்கொண்டேன். நான்கு மாதம் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே ஒரு விந்தை தெரிந்தது. பகலெல்லாம் 85 டிகிரியில் நின்ற முள், மாலையில் முகப்பு விளக்கைப் போட்ட நொடியில் 100-ஐத் தொட்டது. விளக்கை அணைத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட்டின் வெப்பம் ஒரு நொடியில் பதினைந்து டிகிரி ஏறி இறங்காது. அப்படியிருந்தும் கடையில் சென்சார் பழுது என்று சொல்லி, 450 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறொன்றை மாற்றினார்கள். புதியதும் விளக்கைக் கண்டால் சூடேறியது.

அதன் பிறகு நானே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். சூடு கூடக் கூட இந்தச் சென்சாரின் மின்தடை குறையும். ஆகவே அதன் ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த முனைக்கும், அந்த ஒயரை எஞ்சின் உடலில் தொட்டால் சூடான முனைக்கும் போக வேண்டும். இரண்டும் சரியாகவே நடந்தன. அடுத்து, மீட்டரின் எர்த் முனைக்கும் (மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் முனை) பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தபோது, விளக்கு அணைந்திருக்கையில் 0.2 வோல்ட்டும், எரிகையில் 0.9 வோல்ட்டும் காட்டியது. நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டாத தகட்டில் திருகியிருந்தார்கள். முகப்பு விளக்கோடு சேர்ந்து எரியும், மீட்டருக்குள் இருக்கும் சிறு பல்பின் மின்னோட்டமும் அதே வழியாகத் திரும்பியதால்தான் முள் ஏமாந்தது.

பேட்டரியிலிருந்து தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்ததும் துள்ளல் நின்றது, ஆனால் முள் 72-க்கு இறங்கிவிட்டது. ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைக்க முடியாத சூடு. 82 டிகிரியில் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு திறந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று, ஆக 72 என்பது தவறு. சென்சாரைக் கழற்றினால், அதன் மரையில் டெஃப்லான் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தார்கள். ஒற்றை ஒயர்ச் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். அது தடைப்பட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும். ஆக, முன்பு பகலில் பார்த்த 85 என்பது, ஏற்றிச் சொன்ன ஒரு தவறும் இறக்கிச் சொன்ன ஒரு தவறும் சேர்ந்து தற்செயலாகத் தந்த சரியான விடை.

மரையைத் துடைத்துப் பொருத்துவதற்கு முன், சென்சாரின் உடலுக்கு ஓர் எர்த் ஒயர் கொடுத்து, முனையைக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்த்தேன், 98 காட்டியது. (மேட்டுப்பாளையத்தில் செய்ததால் இந்தக் கணக்கு. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே இதே சோதனையைச் செய்திருந்தால் நல்ல மீட்டரைக் குறை சொல்லியிருப்பேன்.)

ஆகவே மீட்டர் தரமானது. வாங்கிய விலைக்கு அதன் துல்லியம் போதும். மாற்றிய சென்சாருக்குக் கொடுத்த 450 ரூபாய் வீண். பெட்டியில் வரும் விளக்கத்தாளில் ஒரு படம் மட்டுமே உள்ளது. தனி எர்த் பற்றியோ டேப் சுற்றக் கூடாது என்றோ ஒரு சொல் இல்லை. உடன் தரும் ஒயரும் மெல்லியது. அதை ஒதுக்கிவிட்டு வேறு ஒயர் வாங்கிக்கொள்வது நல்லது. பொருத்தும் வேலையை மீட்டர் விற்கும் கடையில் விடாமல், மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம். கோத்தகிரியின் பனிக்காலைகளில் கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்து 90-க்கு மேற்பட்ட எண்கள் மறைந்துபோவதற்கு மட்டும் நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.