“ஆயுசுக்கும் கிழியாது” என்று விற்ற முதுகுப்பை: அடிக்கடி விமானம் ஏறுபவர்கள் கவனிக்கவும்

சிங்கப்பூரில் தேக்காப் பக்கம் ஒரு பயணப்பைக் கடையில் 189 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கிய முதுகுப்பை, ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் திருச்சி விமான நிலையத்தில் தோள்வாரோடு பிய்ந்து விழுந்தது. உள்ளே மடிக்கணினி இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் நல்ல நேரம். ஆனால் அதன்பிறகு கடையில் என்னை நடத்திய விதத்தை இன்னும் நினைத்தால் கொதிக்கிறது.

வாங்கும்போது கடைத் தம்பி சொன்னது இது: “அண்ணே, 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலான். ஆயுசுக்கும் கிழியாது. கிழிஞ்சா கொண்டு வாங்க, புதுசு தர்றோம்.” பையில் தொங்கிய அட்டையிலும் ‘வாழ்நாள் உத்தரவாதம்’, ‘எல்லா விமானத்துக்கும் கேபின் அளவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பாலிஸ்டிக் நைலான் என்பது கெட்டியாக நெய்த முரட்டு நைலான் துணி. முதலில் அந்த டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். நூல் எவ்வளவு தடி என்பதை மட்டும்தான் அது சொல்லும். பை எப்படித் தைக்கப்பட்டது என்பதை அது சொல்லவே சொல்லாது. என் பையிலும் துணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. தோள்வாரின் மேல்முனையை மடிப்புக்குள் செருகி ஒரே ஒரு வரி தையல் ஓட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். மொத்தச் சுமையும் தொங்குவது அந்த இரண்டு அங்குலத்தில். உருப்படியான பையில் அங்கே சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், இல்லையென்றால் முன்னும் பின்னும் நெருக்கி அடித்த குறுக்குத் தையல் இருக்கும். கடையில் நின்றபடியே வாரைப் புரட்டிப் பார்த்துவிடலாம்.

‘எல்லா விமானத்துக்கும் கேபின் அளவு’, அதாவது கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகலாம் என்பதும் பொய். அட்டையில் இருந்தது 55 x 35 x 23 சென்டிமீட்டர். ஸ்கூட் விமானத்தில் அனுமதி 54 x 38 x 23. உயரத்திலேயே இடிக்கிறது. இண்டிகோவில் 55 x 35 x 25. சிங்கப்பூர் ஏர்லைன்சில் மூன்று பக்கத்தையும் கூட்டி 115க்குள் இருக்க வேண்டும். சரி, எண்ணில் ஒரு சென்டிமீட்டர் என்று விட்டாலும், துணி வைத்து மூடியதும் முன்பக்கம் புடைத்துக்கொண்டு 28 வரை போகிறது. காலிப் பையே இரண்டு கிலோவுக்குப் பக்கம்; எக்கானமியில் 7 கிலோதான் தருகிற விமானத்தில் மிச்சம் என்ன வைப்பது?

இப்போது கடைக்கு வருகிறேன். பிய்ந்த பையை எடுத்துக்கொண்டு போனால், அதே தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளி வந்து, “வாழ்நாள்னா உங்க வாழ்நாள் இல்ல சார், பையோட வாழ்நாள்” என்றார். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டி, பையைச் சொந்தச் செலவில் வெளிநாட்டில் இருக்கும் தயாரிப்பாளருக்கு அனுப்பச் சொன்னார். காசு வாங்கியவர் இவர், பேச வேண்டியவர் வேறொருவராம்.

இந்த இடத்தில்தான் பலர் அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். இங்கே 2012 செப்டம்பரிலிருந்து, குறையுள்ள பொருளை வாங்கி ஏமாந்தவர்களைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். பொறுப்பும் விற்றவர் மேல்தான். முதலில் செலவு வாங்காமல் பழுதுபார்க்க வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். அது நியாயமான காலத்தில் நடக்கவில்லை என்றால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது. நாமே பாழாக்கியதற்கும், சாதாரணத் தேய்மானத்துக்கும் இது பொருந்தாது.

இதைச் சொன்ன பிறகு பையை வாங்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். அடுத்த பயணத்திலேயே அதே வார் மறுபடி பிரிந்தது. பணத்தைக் கேட்டேன், “கடையில வேற ஏதாவது எடுத்துக்கோங்க” என்றார்கள். அந்தக் கடையில் இனி எதை நம்பி எடுப்பது?

பயனீட்டாளர் சங்கத்திடம் யோசனை கேட்டேன். அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனு போட்டேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிமனிதருக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கவே முடியாது, அதனால் கடைக்காரரும் நம்மைப் போலத் தானே வந்து பேச வேண்டும். ரசீது, அட்டையின் இருபக்கப் படம், பிய்ந்த வாரின் படம், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்தேன். சாயம் போகிற ரசீதுத் தாளை வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பது என் வழக்கம், அது மிகவும் உதவியது. நோட்டீஸ் போனதும் முதலாளி தானாகவே கூப்பிட்டு 189 வெள்ளியையும் திருப்பிவிட்டார்.

ஆனால் போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, அதே பை அதே அட்டையோடு வாசலில் தொங்குகிறது. நம் ஊருக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள்தான் அங்கே அதிகம் வாங்குகிறார்கள். இந்த மாதிரிப் பை ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், இன்றைக்கே தோள்வாரின் மேல்முனையைப் புரட்டிப் பாருங்கள். நூல் விட ஆரம்பித்திருந்து, வாங்கி ஆறு மாதமும் ஆகவில்லை என்றால், முழுதாகப் பிய்யும்வரை காத்திருக்காமல் ரசீதோடு கடைக்குப் போங்கள்.