சேப்பாக்கத்தில் யார் பெரிய ஆள்: சச்சினா, சேவாக்கா?

இந்த ரெண்டு பேரையும் ஒப்பிடுவதே தப்பு என்பவர்கள் திருவல்லிக்கேணி டீக்கடைகளில் இன்றும் உண்டு. ஒருவர் நாலாவதாக இறங்குபவர், இன்னொருவர் ஓப்பனர். ஒருவர் டெஸ்டில் 24 வருஷம் ஆடினார், இன்னொருவர் அதில் பாதிகூட ஆடவில்லை. நியாயமான வாதம்தான். ஆனால் ஒரே மைதானத்தில் இருவரும் ஆடியதை எடுத்து வைத்துப் பார்த்தால், மொத்தக் கணக்கில் அமுங்கிப்போன சில விஷயங்கள் மேலே வருகின்றன.

மொத்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். சச்சின்: 200 டெஸ்ட், 15,921 ரன், சராசரி 53.78, 51 சதம். சேவாக்: 104 டெஸ்ட், 8,586 ரன், சராசரி 49.34, 23 சதம். சராசரியில் வித்தியாசம் நாலரை ரன்கூட இல்லை. இரட்டைச் சதத்தில் ஆளுக்கு ஆறு; சேவாக்கின் ஆறில் இரண்டு முச்சதம், இன்னொன்று 293. சச்சினின் அதிகபட்சம் ஆட்டமிழக்காமல் 248. ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எத்தனை ரன்) பக்கம் போனால் பேச்சே இல்லை: சேவாக்குக்கு 82, சச்சினுக்கு 54-ஐ ஒட்டி.

இதை மட்டும் வைத்துப் பேசினால் சேவாக் ரசிகர் ஜெயித்துவிடுவார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ரன்கள் எந்த இன்னிங்ஸில் வந்தவை? 23 சதத்தில் 22 அணியின் முதல் இன்னிங்ஸில் அடித்தவை. மிச்சமுள்ள ஒன்று 2008-ல் அடிலெய்டில் ஆட்டத்தைக் காப்பாற்றிய 151. நாலாவது இன்னிங்ஸில், அதாவது டார்கெட்டைத் துரத்தும்போது, ஒன்றுகூடக் கிடையாது. சச்சினும் அங்கே ராஜா இல்லை, அவருக்கும் மூன்றே மூன்றுதான். ஆனால் அந்த மூன்றில் இரண்டு நம்ம சேப்பாக்கத்தில் வந்தவை.

முதலில் சேவாக்கின் 319. மார்ச் 2008, எதிரே தென்னாப்பிரிக்கா. ஸ்டெயின், நிட்டினி, மோர்க்கல், காலிஸ் என்று சும்மா பெயரைப் படித்தாலே பயம் வரும் பந்துவீச்சு. இரண்டாம் நாள் முடிவில் 52-ல் இருந்தவர், மூன்றாம் நாள் முடிவில் 309. ஒரே நாளில் 257 ரன். 300-ஐத் தொட்டது 278 பந்தில். டெஸ்டில் அதைவிட வேகமாக யாரும் தொட்டதில்லை. அன்றைக்கு டிக்கெட் கிடைத்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள், சந்தேகமே இல்லை. அதே இன்னிங்ஸில் சச்சின் பூஜ்யம்.

ஆனால் பிட்சையும் பார்க்கணும். தென்னாப்பிரிக்கா முதலில் 540, இந்தியா 627, திரும்ப அவர்கள் 5 விக்கெட்டுக்கு 331. ஆம்லா 159, மெக்கன்சி ஆட்டமிழக்காமல் 155, திராவிட் 111. அஞ்சு நாளில் 1,498 ரன், விழுந்தது 25 விக்கெட், முடிவு டிரா. கண்ணுக்கு விருந்து, சரி. மேட்ச் மட்டும் நகரவே இல்லை.

இப்போது 1999 ஜனவரி. பாகிஸ்தானுக்கு எதிராக 271 வேண்டும். பந்து சக்லைன் கையில். முதல் இன்னிங்ஸில் சச்சினைப் பூஜ்யத்தில் அனுப்பியவரும் அவரே. ஸ்கோர் 82-க்கு 5. அங்கிருந்து மோங்கியாவை வைத்துக்கொண்டு 136 ரன் கூட்டணி, முதுகுப் பிடிப்போடு. சச்சின் 136-ல் தூக்கியடித்து அக்ரமிடம் கேட்ச் ஆனபோது தேவை 17 ரன்தான், கையில் மூன்று விக்கெட். வந்ததோ நாலே ரன். 12 ரன்னில் தோல்வி. ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. சேப்பாக்கத்துக்கு இன்றைக்கும் இருக்கிற நல்ல பெயரில் பாதி அன்றைக்குச் சம்பாதித்தது. என் கணக்கில் அந்த 136, 319-ஐவிடப் பெரிய ஸ்கோர். தோற்ற மேட்ச் என்பதற்காக அதை இறக்க முடியாது. மற்ற பேட்ஸ்மேன்களின் கணக்கை அவர் தலையில் எழுதக் கூடாது.

1998-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 155-உம் இந்த வரிசைதான். முதல் இன்னிங்ஸில் வார்னேயிடம் 4 ரன்னில் அவுட். இரண்டாவதில் வார்னே ரவுண்ட் த விக்கெட், அதாவது ஸ்டம்பின் மறுபக்கமாக, வந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே கரடுமுரடான இடத்தில் போட, சச்சின் அதை மிட்விக்கெட்டுக்குத் தூக்கினார். அந்தக் கோணத்துக்கென்றே, தொடருக்கு முன்னால் நம்ம ஊர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைப் பந்து போடச் சொல்லி வலைப்பயிற்சி எடுத்திருந்தார். அவுட் ஆகவே இல்லை, இந்தியா 179 ரன்னில் ஜெயித்தது. இந்த மைதானத்தில் சச்சின் ஆடியது 10 டெஸ்ட். 5 சதம், 970 ரன், சராசரி 88.18.

வெளிநாட்டுக் கணக்கை இழுத்தால் சேவாக்குக்கு இன்னும் கஷ்டம். சச்சினின் சராசரி வெளிநாட்டில் உள்ளூரைவிடக் கூடுதல், சேவாக்குக்கு நேர்மாறு. 2011 எட்ஜ்பாஸ்டனில் இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே அவுட் ஆனது அவர் ரசிகர்கள் பேச விரும்பாத விஷயம். (காலேயில் 2008-ல் அணி எடுத்த 329-ல் தனியாளாக 201 அடித்து அவுட் ஆகாமல் நின்றதையும் சேர்த்துப் பேசுவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.)

ஆக, என் ஓட்டு சச்சினுக்கு. ஒரே ஒரு மேட்ச் தவிர.

டிசம்பர் 2008, இங்கிலாந்து வைத்த டார்கெட் 387. இந்திய மண்ணில் அதுவரை யாரும் தொடாத இலக்கு. நாலாம் நாள் சாயங்காலம் சேவாக் 68 பந்தில் 83. 11 பவுண்டரி, 4 சிக்ஸர். பேட்ஸ்மேனைச் சுற்றி நிற்க வேண்டிய ஃபீல்டர்கள் பவுண்டரிக்குச் சிதறினார்கள். ஆட்டநேர முடிவில் 29 ஓவரில் 1 விக்கெட்டுக்கு 131. மறுநாள் சச்சின் ஆட்டமிழக்காமல் 103, யுவராஜ் 85, பிரியாமல் 163 ரன். ஸ்வானை ஃபைன் லெக் பக்கம் தட்டிவிட்ட அந்த ஒரே பவுண்டரியில் சதமும் வெற்றியும் சேர்ந்து வந்தன. ஆட்ட நாயகன் விருது சேவாக்குக்குப் போனது.

நூறு அடித்து ஜெயிக்க வைத்தவரை விட்டுவிட்டு 83 அடித்தவருக்கா என்று அப்போதே சண்டை நடந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. கடைசி நாள் சச்சின் அவசரமே படாமல் 196 பந்து ஆட முடிந்தது, தேவை ஓவருக்கு மூன்று ரன்னுக்கும் கீழே இருந்ததால். அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனது அந்தச் சாயங்கால 83.