பச்சை எங்கே குத்துவது: முன்கையா, தோளா, புறங்கையா?

பச்சை குத்த ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வீட்டிலும் கூட்டாளிகளிடமும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "சட்டைக்குள்ள மறையுத இடமாப் பாத்துக் குத்திக்கோ மக்கா." நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்கு இது நல்ல ஆலோசனை. பட்டாளத்துக்குப் போக ஓட்டப் பயிற்சி எடுக்கும் பையனுக்கு இதைவிட மோசமான ஆலோசனை கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் இந்த இரண்டு பேருமே இருக்கிறார்கள். அதனால், போகப்போகிற வேலையை முன்னால் வைத்து, இடம் இடமாக ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முன்கையின் உட்புறம்

தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளிலும் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி இரண்டே இடத்தில்தான். முழங்கையின் உள்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கை. எஸ்.எஸ்.சி. ஜி.டி. என்ற மத்திய அரசுக் காவலர் தேர்வு வழியாக ஆள் எடுக்கும் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளில் விதி இன்னும் குறுகலானது. முன்கையின் உட்புறம் என்றால் அது இடது கையாக இருக்க வேண்டும். வலது கை சல்யூட் அடிக்கிற கை. அளவும் அந்த உறுப்புப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். சாமி உருவம், சிலுவை, பெயர் போன்றவற்றுக்குத் தடை இல்லை.

ஆக, எல்லாப் படைகளுக்கும் பொதுவாக ஒத்துவருவது இடது முன்கையின் உட்புறத்தில் சின்னதாக ஒரு பச்சை. இது தெரியாமல்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். திருவிழாக் கடையில் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் "கையை நீட்டு" என்பார். பையன் பழக்கத்தில் வலது கையை நீட்டுவான். ஐந்து நிமிஷத்தில் "அம்மா" என்று எழுதி, பொங்கி வரும் மையையும் ரத்தத்தையும் துணியால் துடைத்து அனுப்பிவிடுவார். அம்மா பெயரில் ஒரு குற்றமும் இல்லை. எழுதிய கைதான் தப்பு. கடைகளில் நன்றாகவே செய்தாலும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளும் வேத வசனமும் கையைச் சுற்றி வரும் பட்டையும் கால் பங்கை எளிதாகத் தாண்டிவிடும்.

முப்படை ஆள்சேர்ப்பில் அட்டவணைப் பழங்குடியினருக்கு, தங்கள் மரபின்படி குத்திய பச்சையாக இருந்தால், தனிச் சலுகை உண்டு. பேச்சிப்பாறை மலைப்பக்கத்துக் காணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இதே முன்கை நர்ஸ் வேலைக்கு எப்படி? சீருடை அரைக்கை. மறைக்க வழியே இல்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருக்க வேண்டும் என்பது தொற்றுத் தடுப்பு விதி. நீளக்கை, வாட்ச், வளையல் எல்லாம் போய்விடும், பச்சை மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே ஆபாசமோ வெறுப்போ இல்லாத பச்சையைப் பொதுவாகப் பெரிதுபடுத்துவதில்லை. வளைகுடாவில் அப்படிச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனசைப் பொறுத்தும் மாறும்.

தோளும் மேல்கையும்

என் அத்தை மகன் ஒருநாள் கேட்டான்: "அண்ணே, தோள்பட்டையில ஒரு சிலுவை போட்டா பிரச்சினை வராதுல்லா? சட்டை போட்டா ஒருத்தனுக்கும் தெரியாதே." அவன் எஸ்.எஸ்.சி. ஜி.டி.க்குப் படித்துக்கொண்டிருந்தான். மெடிக்கலில் சட்டை இருக்காது என்று சொன்னேன். ஜட்டியோடு நிற்க வைத்து, முன்னும் பின்னும் திருப்பி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தோள், நெஞ்சு, முதுகு, கால் எங்கே பச்சை இருந்தாலும் அனுமதித்த இடம் இல்லை என்று எழுதிவிடலாம். எழுத்துத் தேர்வும் ஓட்டமும் முடித்த பிறகு அந்த ஒரு வரியில் எல்லாம் நின்றுபோகும். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடிய பையன்கள் இப்படித் திரும்பி வரக் கூடாது என்பதுதான் எனக்கு.

பட்டாளத்துக்குப் போகிற எண்ணமே இல்லாதவர்களுக்கு மேல்கைதான் நல்ல இடம். நர்ஸ், ஆசிரியர், வங்கி, ஹோட்டல் வரவேற்பு எல்லாவற்றுக்கும் அரைக்கைச் சட்டையே போதும். விமானப் பணிப்பெண் வேலைக்கும் இது பொருந்தும். எமிரேட்ஸில் சீருடைக்கு வெளியே பச்சை தெரியக் கூடாது. ஒப்பனை பூசியோ பிளாஸ்திரி ஒட்டியோ மறைப்பதையும் ஏற்பதில்லை. திருவனந்தபுரம் டெக்னோபார்க் போல ஐ.டி. வேலைதான் குறி என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அங்கே முன்கைப் பச்சையைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை.

புறங்கை, விரல், கழுத்து

புறங்கைக்குப் படைகளின் விதியில் இடம் உண்டு. வேறு எங்கேயும் அதற்கு ஆதாயம் இல்லை. பயோடேட்டாவை நீட்டும்போதே தெரிந்துவிடும். விரல் பச்சை இன்னும் மோசம். கை கழுவி, தேய்ந்து, தோல் உரிந்து சீக்கிரமே மங்கிக் கலங்கிப்போகும். கழுத்துக்கு எந்தப் பக்கமும் ஆதரவு இல்லை. படையிலும் எடுக்க மாட்டார்கள், விமானத்திலும் எடுக்க மாட்டார்கள். முதல் வேலை கிடைக்கும் முன்னால் கழுத்தில் குத்துவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

"பிடிக்கலேன்னா லேசர்ல எடுத்துரலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. லேசர் மையைத் துகளாக உடைக்கும். உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும். அதனால் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் 6 முதல் 8 வாரம் இடைவெளி விடுவார்கள். ஆறு முறை என்று வைத்தாலே ஏழு முதல் ஒன்பது மாதம் ஆகிவிடும். கறுப்பு மை ஓரளவு போகும். பச்சை, மஞ்சள் நிறங்கள் அடம்பிடிக்கும். நம் தோல் நிறத்துக்கு அந்த இடம் வெளுத்துப்போகவோ தழும்பு தடிக்கவோ வாய்ப்பு உண்டு. செலவு, குத்திய காசைப்போலப் பல மடங்கு. மெடிக்கல் தேதி வந்த பிறகு ஓடினால் பாதி அழிந்த பச்சையோடுதான் போய் நிற்க வேண்டிவரும்.

மருதாணி

தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. மருதாணி ஓரிரு வாரத்தில் மங்கிவிடும். ஆனால் அசல் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். உடனே கருகருவென்று பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் தலைச்சாய ரசாயனமான பி.பி.டி. கலந்திருக்கும். அது சிலருக்குத் தோலைக் கொப்பளிக்க வைத்து, குத்தாமலே நிரந்தரத் தழும்பை விட்டுப்போகும்.

ஒரே பிள்ளை எஸ்.எஸ்.சி. விண்ணப்பமும் போட்டு, வளைகுடாவுக்கு பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருப்பது இங்கே சாதாரணம். இரண்டு வழியும் திறந்திருக்கிறவரை பச்சையைத் தள்ளிப் போடுவதுதான் என் கட்சி. ஏனென்றால் ஒரு வழிக்குச் சரியான இடம் இன்னொரு வழிக்குத் தப்பான இடமாக இருக்கிறது. படை ஒன்றே குறி, பச்சையும் வேண்டும் என்றால் இடது முன்கை உட்புறம், சின்னதாக. நர்ஸிங், விமானம், பள்ளிக்கூடம் என்றால் மேல்கை. அந்த வருஷத்து அறிவிக்கையில் மருத்துவத் தகுதிப் பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போகலாம்.

கடையில் ஊசியை உங்கள் கண் முன்னால் புது உறையிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். மைக் கிண்ணமும் புதிதாக இருக்கட்டும். பழைய ஊசியிலிருந்து ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவும். ரத்ததானம் செய்கிறவராக இருந்தால், குத்திய நாளிலிருந்து 12 மாதம் கொடுக்க முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புண் ஆறும்வரை, இரண்டு மூன்று வாரத்துக்காவது, கடலில் இறங்கக் கூடாது.