ஆணுறை வாங்க: பார்மசியா, சுப்பர்மார்க்கெட்டா, கிளினிக்கா?

வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்து கொழும்பு கம்பஸில் படிக்கும் பிள்ளைக்குக் காலி வீதியில் பார்மசிக்குக் குறைவில்லை. ஆணுறைக்கு மருந்துச் சீட்டும் வேண்டாம். இருந்தும் 21 வயதில் நான் ஒரு பார்மசி வாசல்வரை போய் மூன்று தரம் திரும்பி வந்தேன். நாலாம் தரம் உள்ளே போனபோது, அலுமாரிக்குப் பின்னால் நின்றவர் "தம்பி எந்த ஊர், ஆரின்ர மகன்?" என்று கேட்டார். பனடோல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால் இடங்களை ஒப்பிடும்போது விலையை நான் முதலில் பார்ப்பதில்லை. எத்தனை பேரிடம் வாய் திறந்து கேட்கவேண்டும் என்பதைத்தான் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் பார்மசி கடைசி. ஆணுறை என்பது எழுத்தில் இருக்கும் சொல், பலருக்கு வாயில் வராது. 1973இல் சந்தைக்கு வந்த ப்ரீத்தி என்ற ஆணுறை இங்கே கைகொடுக்கிறது. மகிழ்ச்சி என்று இரண்டு மொழியிலும் பொருள்படும் பெயர், அதை மட்டும் சொல்லிக் கேட்கலாம். தெரிந்த முகம் இல்லாத பொரளைப் பக்கம் போனால் இன்னும் சுலபம்.

சுப்பர்மார்க்கெட்டில் கேட்கவே தேவையில்லை. தட்டிலிருந்து எடுத்து, சோப்போடும் பிஸ்கட்டோடும் காசாளர் முன் வைத்தால் சரி. ஆனால் வரிசையில் பின்னால் ஊர் மாமி நிற்கக்கூடும். பெடியன் வாங்கினால் சிரித்துவிட்டுப் போகும் அதே கண், பெட்டை வாங்கினால் வீடுவரை வரும். தன் உடம்பைப் பாதுகாக்க நினைக்கும் பிள்ளையைத்தான் நாங்கள் இப்படிக் கூச வைக்கிறோம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

ஆப்பில் ஓர்டர் பண்ணலாம், தனி அறை இருந்தால் நல்ல வழி. பார்சலை வாங்குவது போர்டிங் அன்ரி என்றால் வேண்டாம்.

பலருக்குத் தெரியாத இடம் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரச பாலியல் நோய் கிளினிக். அங்கே ஆணுறை இலவசம், எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம், விவரங்கள் இரகசியமாக இருக்கும். குடும்பநல மாதுவிடமும் ஆணுறை உண்டு, ஆனால் அவருடைய பதிவேடு தம்பதியருக்கானது. கிளினிக்கின் குறை, அலுவலக நேரத்தில் விரிவுரையை விட்டுப் போகவேண்டும். வாசலில் உள்ள பெயர்ப் பலகையும் உள்ளே போகத் தயங்க வைக்கும்.

என் தெரிவு இவை எதுவும் இல்லை. கம்பஸ் கழிப்பறைச் சுவரில், ஆரிடமும் கேட்காமல் ஆணுறை எடுக்கக்கூடிய ஒரு பெட்டி. எங்கே தேவையோ அங்கே கிடைத்தால் ஒன்றை மாதக்கணக்கில் பேர்ஸுக்குள் வைத்துத் திரியவேண்டியதில்லை. கொழும்பு வெயிலுக்கும் உட்காரும்போது படும் அழுத்தத்துக்கும் ஆணுறையின் லேட்டெக்ஸ் ரப்பர் பழுதாகிவிடும். ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பாவித்தால் ஆண்டுக்கு 100 பேரில் இரண்டு பேருக்குத்தான் கர்ப்பம் தரிக்கும். நடைமுறையில் அது 13 வரை போகிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் பாவிக்கும் விதம்தான். தேங்காய் எண்ணெய் பட்டாலும் லேட்டெக்ஸ் கிழியும் என்பதைப் பெட்டிக்கு மேலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டலாம்.

அந்தப் பெட்டி வரும்வரை, பெட்டைகளுக்கு நான் சொல்வது வெள்ளவத்தையைத் தாண்டிய ஒரு சுப்பர்மார்க்கெட். பெடியன்களுக்கு, முதலில் ஒருநாள் டி சேரம் பிளேஸ். பரிசோதனையையும் அன்றைக்கே செய்துகொண்டு வாருங்கள்.