கடைக்கு 'ஆர்ட்ஸ்' வைக்கலாமா, 'கலைக்கூடம்' வைக்கலாமா?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் புதிதாக ஓவியக் கடையோ வகுப்போ திறப்பவர்கள் பெயரில்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேர்
ஆர்ட்ஸ்: லத்தீனின் 'ஆர்ஸ்'. பொருள், பழகிப் பெற்ற கைத்திறன். தச்சு வேலையும் அதில் அடங்கும். அழகுக்கென்று செய்வது மட்டுமே ஆர்ட் என்ற எண்ணம் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில்தான் வலுத்தது.
கலை: வடமொழி 'கலா'. நிலவின் 16 பங்குகளில் ஒன்றும் கலை, ஆய கலைகள் 64-ல் ஒன்றும் கலை. அந்த 64-ல் சமையலும் பூத்தொடுத்தலும்கூட உண்டு! ஆண் மானுக்கும் சங்கப் பாடல்களில் இதே பெயர்தான்.

ஆக, பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்செதுக்குக்கும் சுவரோவியத்துக்கும் இரண்டு சொல்லுமே பொருந்தும். பி.ஏ. வரலாறு படித்தாலும் பட்டத்தின் பெயரில் ஆங்கிலத்தில் 'ஆர்ட்ஸ்', தமிழில் 'இளங்கலை' என்று இரண்டுமே வருகின்றன, அது வேறு கதை.

தெருவில்
ஆர்ட்ஸ்: போர்டு, ஸ்டிக்கர், நம்பர் பிளேட் என்று கேட்டு வருவார்கள்.
கலைக்கூடம்: பிள்ளையைப் பரதத்துக்கோ பாட்டுக்கோ சேர்க்க வருவார்கள். மலையாளத்திலும் 'கல' என்பதால் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்காரருக்கும் விளக்க வேண்டாம்.

செலவு
ஃபிளெக்ஸ் என்றால் சதுர அடிக் கணக்கு, வித்தியாசமில்லை. அக்ரிலிக்கில் எழுத்து வெட்டினால் ஆர்ட்ஸ் நான்கு எழுத்து, கலைக்கூடம் ஆறு. அதிலும் 'கூ' வெட்டுவது கொஞ்சம் சள்ளை.

எழுத்து வேலை, பிரிண்டிங் என்றால் ஆர்ட்ஸ் போதும். வகுப்பு நடத்தப் போகிறீர்களா, கலைக்கூடம்தான். இரண்டும் செய்பவர்கள் 'கலை ஆர்ட்ஸ்' என்று வைக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் ஆள் வருகிறது.