கடன் யார் தலையில்? எஸ்எஸ்எம் இ-இன்ஃபோ சேவை எதைக் காட்டும், எதைக் காட்டாது

குடிநீரோ மின்சாரமோ வழங்கும் அரசு நிறுவனம் உரிய அனுமதி இல்லாமல் கடன் வாங்கிவிட்டது என்று பேச்சு வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்-இன் இ-இன்ஃபோ இணையச் சேவை. ஆணையத்தின் தலைமையகம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் இருந்தாலும், பினாங்கில் உட்கார்ந்தபடியே இணையத்தில் ஆவணத்தை வாங்கிவிடலாம்.

நிறுவனத்தின் 12 இலக்கப் பதிவு எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது. பெயரைக் கொண்டு தேடினால் தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் கலந்து வந்து குழப்பும். முதல் 4 இலக்கம் பதிவான ஆண்டு, அடுத்த 2 நிறுவன வகை. உள்நாட்டு நிறுவனத்துக்கு 01. நிறுவன விவரக்குறிப்பு ஒன்றை வாங்கினாலே போதும். இயக்குநர்கள், பங்குதாரர்கள், அடமானப் பதிவுகள், நிதிச் சுருக்கம் எல்லாம் அதிலேயே இருக்கும்.

அடமானப் பகுதியில் உருவான தேதி, தொகை, கடன் கொடுத்தவர், தீர்ந்ததா இல்லையா என்பவற்றைப் பாருங்கள். 2016 நிறுவனச் சட்டத்தின் 352-ஆம் பிரிவுப்படி 30 நாளுக்குள் பதியாத அடமானம், நிறுவனத்தை மூடும் கலைப்பாளரிடமும் அதற்குக் கடன் கொடுத்த மற்றவர்களிடமும் செல்லாது. அதனால் வங்கிகள் பதியாமல் விடுவது அபூர்வம். பிறகு, தீராத அடமானங்களின் கூட்டுத்தொகையை நிதிச் சுருக்கத்தின் நீண்டகாலப் பொறுப்புகளோடு வைத்துப் பாருங்கள். பொறுப்பு மிக அதிகமாக இருந்தால், அடமானமில்லாத கடன் எங்கோ இருக்க வாய்ப்புண்டு. தணிக்கை செய்த முழு நிதியறிக்கையின் குறிப்புகள்வரை போக வேண்டும். அடமானத் தொகை என்பது வரம்புதான், இன்றைய பாக்கி அல்ல. இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை, அரசு உத்தரவாதம் இதில் தெரியாது என்பது. செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனம் முழுக்க அரசுக்கே சொந்தமானாலும், அதன் கடன் அதனுடையதுதான். உத்தரவாதம் இருந்தால்தான் சட்டப்படி பொதுப்பணத்துக்குப் பொறுப்பு வரும். 1957 நிதி நடைமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, கருவூலத்தின் எழுத்துவழி அதிகாரமோ கூட்டரசுச் சட்டமோ இல்லாத உத்தரவாதம் கூட்டரசை, அதாவது மத்திய அரசை, கட்டுப்படுத்தாது. மாநிலங்களுக்கு விதி இன்னும் இறுக்கமானது: அரசியலமைப்பின் 111(3) பிரிவுப்படி மாநிலச் சட்டமும் வேண்டும், கூட்டரசின் ஒப்புதலும் வேண்டும். பினாங்கு மாநில நிறுவனத்தின் கடனைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கவே கூடாது.

ஆகவே இரண்டாவது வேலை, கூட்டரசு அரசிதழ்த் தளம். கட்டணம் கிடையாது. 'ஜாமினான் பிஞ்ஜாமான்' (Jaminan Pinjaman, கடன் உத்தரவாதம்) என்று மலாயில் தேடினால், எந்தெந்த நிறுவனத்தை உத்தரவாதம் பெறத்தக்கதாக அமைச்சர் அறிவித்தார் என்று தெரியும். அறிவிப்பு இருப்பதாலேயே உத்தரவாதம் கொடுத்தாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். 1965 கடன் உத்தரவாதச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்தின் விவரம் மக்களவையில் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்தத் தாளைத் தேடுங்கள்.

இவ்வளவும் பார்த்தாலும் பிடிபடாத ஒன்று உண்டு: முறையான உத்தரவாதம் இல்லாமல், கடனுக்கு அரசு துணை நிற்கும் என்று எழுதிக்கொடுக்கும் ஆதரவுக் கடிதம். மின் நிலையங்களை வாங்கிய அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி 2009-இல் எழுப்பிய 500 கோடி ரிங்கிட் கடனுக்கு முறையான அரசு உத்தரவாதம் இருந்தது. 2013-இல் எழுப்பிய 300 கோடி டாலருக்கு நிதியமைச்சரின் ஆதரவுக் கடிதம் மட்டுமே. சுமை கடைசியில் அரசின் மேல்தான் விழுந்தது. இ-இன்ஃபோவில் இப்படிப்பட்ட கடிதத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது நேர்மாறு. அணுமின் நிலையக் கடனுக்குப் பொறுப்பேற்று ஒப்பந்தம் போட உள்ளூர் மின் அமைப்புகளுக்கு அதிகாரமே இல்லை என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. 225 கோடி டாலர் கடன்பத்திரங்கள் முறிந்தன. அடி வாங்கியவர்கள் பத்திரம் வாங்கியவர்கள்.

அடமானத்தைச் சரிபார்க்க இ-இன்ஃபோவைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கொடுக்கும் காசு வீண்போகாது. பொதுப்பணத்தின் பொறுப்பை அறிய அது மட்டும் போதாது. ஆவணத்தை வாங்கியதும் நிதிச் சுருக்கம் எந்த ஆண்டுக்கானது என்று முதலில் பாருங்கள்; பழைய ஆண்டுக் கணக்கென்றால் அதன் பிறகு வாங்கிய கடன் எதுவும் அதில் இருக்காது.