லேப்டாப்புக்குள் சிம்: எந்த மோடம் கார்டு நம்ம ஊருக்கு ஒத்துவரும்?

கோவை காந்திபுரத்தில் கிடைக்கும் பழைய கம்பெனி லேப்டாப்களான லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் மாடல்கள் பலவற்றில் சிம் போட இடம் இருக்கும், சிம்மை நெட்டோடு இணைக்கும் மோடம் கார்டு இருக்காது. "எந்தக் கார்டு போட்டாலும் ஓடுமுங்ணா" என்பார்கள் கடைக்காரர்கள். அப்படியில்லை.

பேண்டை (டவர் பேசும் அலைவரிசை) முதலில் பாருங்கள், வேகம் அப்புறம். ஜியோ 4ஜி-க்கு 3, 5, 40 பேண்டுகள். ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. கோபி, தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடு வரை வந்து சேர்வது 850 மெகாஹெர்ட்ஸான பேண்ட் 5. ஆனால் அதில் இடம் குறைச்சல். திருப்பூர் மாதிரி நெரிசலான ஊரில் சுமை தாங்குவது 2300-இல் உள்ள பேண்ட் 40.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் சியரா இஎம்7455 சறுக்குவது இங்கேதான். 300 எம்பிபிஎஸ் கார்டு, நல்ல கார்டு, ஆனால் பேண்ட் 40 கிடையாது. சிக்னல் முழுக்கக் காட்டும், சாயங்காலமானால் பேஜ் திறக்காது. டவரைத் திட்டிப் பயனில்லை. அதே கம்பெனியின் இஎம்7430-இல் 40 உண்டு, பிஎஸ்என்எல் 700 மெகாஹெர்ட்ஸுக்கான பேண்ட் 28-ம் உண்டு. ஃபைபோகாம் எல்850-ஜிஎல் இரண்டையும் பிடிக்கும், 450 எம்பிபிஎஸ் வரை தாங்கும். விண்டோஸ் என்றால் எங்கள் ஓட்டு இதற்கே. லினக்ஸில் இது யூஎஸ்பி வழியில் இல்லாமல் பிசிஐஇ வழியில் ஓடுகிறது; கெர்னல் 5.18 முதல்தான் இதற்கு டிரைவர் உண்டு. அதற்கு முந்தைய கெர்னலில் வெளி டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். லினக்ஸ்காரர்கள் இஎம்7430 வாங்கலாம். சிம் தெரிந்தும் ரேடியோ எழாவிட்டால் அது எஃப்சிசி லாக் (கம்பெனி போட்ட ரேடியோ பூட்டு): லினக்ஸில் மோடத்தை நடத்தும் மோடம்மேனேஜர் 1.18.4 அல்லது அதற்கு மேல் வைத்து, அதோடு வரும் அன்லாக் ஸ்கிரிப்டை நீங்களே இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

லெனோவோவில் இன்னொரு கண்டம்: பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் உள் மென்பொருள்) பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 எரர் காட்டி லேப்டாப் தொடங்கவே தொடங்காது. உங்கள் மாடலின் மெயின்டனன்ஸ் மேனுவலில் உள்ள எஃப்ஆர்யூ எண்ணைப் (உதிரிபாக எண்) பார்த்தே வாங்குங்கள்.

காசு கொடுக்கும் முன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மோடம் கார்டு செருகும் எம்.2 பி-கீ ஸ்லாட் பக்கத்தில் சிவப்பு, நீலம் என இரண்டு ஆன்டெனா ஒயர்கள் (திங்க்பேடில்) சும்மா கிடக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கிரீனைப் பிரித்து ஒயர் இழுக்க வேண்டும்; அந்தச் செலவுக்கு வெளியில் செருகும் யூஎஸ்பி டாங்கிளே போதும்.

மாட்டும்போது பயாஸில் உள் பேட்டரியை அணைத்துவிடுங்கள். சிவப்பு ஒயர் கார்டின் மெயின் முனைக்கு, நீலம் ஆக்ஸ் முனைக்கு. ஒயர் நுனியில் உள்ள சின்ன எம்எச்எஃப்4 கனெக்டரை நேராக வைத்து, 'டிக்' என்று உட்காரும்வரை விரலால் அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் விளிம்பு நசுங்கும், அதன்பின் ஒரு புள்ளி சிக்னல்தான். சும்மா சும்மா கழற்றி மாட்டவும் கூடாது.

5ஜி ஆசையில் ஆர்எம்520என்-ஜிஎல் கார்டைத் தேடுபவர்களுக்கு: அது 52 மி.மீ. நீளம், பழைய ஸ்லாட்டின் ஸ்க்ரூ 42 மி.மீ.-இல் இருக்கிறது. நான்கு ஆன்டெனாவும் கேட்கும். விட்டுவிடுங்கள்.

ஏபிஎன் (நெட்டுக்கான நுழைவுப் பெயர்) தானாக வராவிட்டால் ஜியோவுக்கு 'ஜியோநெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்', இரண்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பேங்க் ஓடிபி வரும் சிம்மை இதில் போடாதீர்கள். தகர ஷீட் கூரை போட்ட நிட்டிங் கம்பெனிக்குள்தான் வேலை என்றால் உள் மோடமே வேண்டாம். யூஎஸ்பி டாங்கிளை நீள ஒயரில் ஜன்னலோரம் தொங்கவிட்டால் இதைவிட நன்றாக எடுக்கும்.